ஒரே ஜாவா பீன், ரெண்டு வெப் சர்வீஸ்: ரெண்டாவது தனியா நிக்க மாட்டேங்குது

கேள்வி: 6 ஜூன் 2022, காலை 10.40

அண்ணே, குடோன் சரக்கு இருப்புக்கு ஸ்டாக்பீன்னு ஒரு ஜாவா கிளாஸ் இருக்கு. சர்வர் டாம்கேட் 9, ஜாவா 8, வெப் சர்வீஸுக்கு ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் மெட்ரோ லைப்ரரி. கிளாஸ் தலையில @வெப்சர்வீஸ்ங்கிற அன்னொட்டேஷன் (@ போட்டு எழுதற குறிப்பு) போட்டு ஆபீஸுக்கு ஒரு சர்வீஸா நல்லா ஓடிட்டிருக்கு. இப்போ டீலர்களுக்கும் இதே கிளாஸை வேற பேர்ல, வேற யூஆர்எல்ல திறந்துவிடச் சொல்றாங்க. மெட்ரோவோட அமைப்புக் கோப்பு சன்-ஜாக்ஸ்டபிள்யூஎஸ்.எக்ஸ்எம்எல்ல ரெண்டாவதா ஒரு எண்ட்பாயிண்ட் (சர்வீஸைக் கூப்பிடற முகவரி) சேர்த்தேன். முதல்ல 404. அப்புறம் எதையோ மாத்தினேன், திறக்குது. ஆனா ரெண்டு யூஆர்எல்லயும் ஒரே டபிள்யூஎஸ்டிஎல் (சர்வீஸ்ல என்னென்ன இருக்குன்னு கிளையண்ட்டுக்குச் சொல்ற விவரக் கோப்பு), ஒரே சர்வீஸ் பேரு. ஒரு பீன்ல இருந்து ஒரு சர்வீஸ்தான் வரும்னு எங்க சீனியர் சொல்றார். நிஜமா?

6 ஜூன், காலை 11.20

இல்ல தம்பி. ஒரு கிளாஸ்ல இருந்து எத்தனை சர்வீஸ் வேணா வரும். ஆனா ஒரு அன்னொட்டேஷன்ல இருந்து ஒரு பேருதான் வரும். உங்க சீனியர் இந்த ரெண்டையும் சேர்த்துப் பார்த்துட்டார்.

எதை மாத்தி 404 போச்சுன்னு ஞாபகப்படுத்திச் சொல்லுங்க. "எதையோ மாத்தினேன்" தான் அடுத்த மாசம் திரும்பி வந்து நிக்கும்.

6 ஜூன், மதியம் 1.05

சாப்பாட்டு நேரம், கொஞ்சம் விரிவா எழுதறேன். இங்க கோட் ஒட்டினா இடவெளி எல்லாம் கலைஞ்சுடுது, அதனால வாய்வார்த்தையாவே சொல்லிடறேன். டபிள்யூஎஸ்டிஎல்லை இனி விஸ்டில்னே எழுதறேன், விரல் வலிக்குது.

முதல்ல அந்த 404. டாம்கேட்ல மெட்ரோ ஓட்டும்போது ஒரு யூஆர்எல் ரெண்டு வாசலைத் தாண்டணும். டாம்கேட் படிக்கிற வெப்.எக்ஸ்எம்எல்ல இருக்கிற சர்வ்லெட் மேப்பிங் (எந்த யூஆர்எல் யார்கிட்ட போகணும்னு சொல்றது) முதல் வாசல், அந்த சன்-ஜாக்ஸ்டபிள்யூஎஸ் கோப்புல (இனி சன் கோப்பு) இருக்கிற யூஆர்எல் பேட்டர்ன் ரெண்டாவது. புது எண்ட்பாயிண்ட்டை சன் கோப்புல மட்டும் சேர்த்துட்டு வெப்.எக்ஸ்எம்எல்லைத் தொடாம விட்டா, கோரிக்கை மெட்ரோகிட்ட போய்ச் சேரவே சேராது. அப்போ வர்றது டாம்கேட்டோட சொந்த 404 பக்கம். மாறா, வெப்.எக்ஸ்எம்எல் சரியா இருந்து சன் கோப்புல பேட்டர்ன் ஒரு எழுத்து பிசகியிருந்தா மெட்ரோவே ஒரு 404 காட்டும், "இன்வேலிட் ரிக்வெஸ்ட்"னு ஒரு வரியோட. ரெண்டும் 404 தான், ஆனா யாரோட 404னு பார்த்தாலே பாதி வேலை முடிஞ்சுது. லாக் நீளமா இருக்குன்னு புலம்பறவங்க இந்தப் பக்கத்தை ஒரு தடவை முழுசாப் படிச்சாலே போதும்.

சன் கோப்புல ரெண்டு எண்ட்பாயிண்ட்டுக்கும் ஒரே யூஆர்எல் பேட்டர்ன் குடுத்துட்டா என்ன ஆகும்? டெப்ளாய் நிக்காது. லாக்ல ஒரு எச்சரிக்கை வரி மட்டும் வரும், முதல்ல எழுதினதுதான் ஜெயிக்கும். ரெண்டாவது சர்வீஸ் சத்தமில்லாம காணாமப் போகும். காப்பி-பேஸ்ட் பண்றவங்க எல்லாருக்கும் ஒருநாள் இது நடக்கும்.

இனி பேரு விஷயம். ஒரு வெப் சர்வீஸோட அடையாளம் கிளாஸ் பேர்ல இல்ல. நேம்ஸ்பேஸ் (பேருங்க மோதிக்காம இருக்க முன்னால ஒட்டற குடும்பப் பேரு), சர்வீஸ் பேரு, போர்ட் (சர்வீஸோட இணைப்பு முனை) பேரு, இவ்வளவுதான். @வெப்சர்வீஸ்ல எதுவும் எழுதாம விட்டா ஜேஎஸ்ஆர் 181ங்கிற ஜாவா விதிமுறை சொல்றபடி கிளாஸ் பேரோட "சர்வீஸ்" ஒட்டிக்கும், போர்ட்டுக்கு "போர்ட்" ஒட்டிக்கும், பேக்கேஜ் பேரைத் திருப்பிப்போட்டு நேம்ஸ்பேஸ் ஆக்கிக்கும். அதனால ஒரே கிளாஸை எந்த யூஆர்எல்ல வச்சாலும் அதே ஸ்டாக்பீன்சர்வீஸ், ஸ்டாக்பீன்போர்ட். நீங்க பார்த்தது அதைத்தான். மெட்ரோ மேல தப்பில்ல, நீங்க வேற பேரு சொல்லவே இல்லையே.

சொல்ற இடம் சன் கோப்புலயே இருக்கு. எண்ட்பாயிண்ட் வரியில இம்ப்ளிமெண்டேஷன், யூஆர்எல் பேட்டர்ன் இதோட சர்வீஸ், போர்ட்னு ரெண்டு அட்ரிபியூட் உண்டு. சுருள் அடைப்புக்குள்ள நேம்ஸ்பேஸ், அதை ஒட்டினாப்புல பேரு. இது அன்னொட்டேஷன்ல இருக்கிறதை மீறும். ரெண்டாவது எண்ட்பாயிண்ட்டுக்கு டீலர் பேரு குடுத்துப் பாருங்க.

6 ஜூன், மதியம் 1.30

விட்டுப்போனது: சர்வீஸை மட்டும் புது நேம்ஸ்பேஸுக்கு மாத்திட்டு போர்ட் அட்ரிபியூட்ல பழைய நேம்ஸ்பேஸையே விட்டீங்கன்னா டெப்ளாய் ஆகாது. போர்ட்டோட நேம்ஸ்பேஸ் சர்வீஸோட நேம்ஸ்பேஸோட பொருந்தலைன்னு நேரடியாவே சொல்லிட்டு நின்னுடும். ரெண்டையும் சேர்த்து மாத்துங்க.

மாத்தினதும் இன்னொரு காட்சி தெரியும். சர்வீஸ் புது நேம்ஸ்பேஸ்ல இருக்கும், போர்ட் டைப் (மெத்தட் பட்டியல் இருக்கிற பகுதி) மட்டும் கிளாஸோட பழைய நேம்ஸ்பேஸ்லயே கிடக்கும். ஒரு விஸ்டில்ல ரெண்டு நேம்ஸ்பேஸை வைக்க முடியாதுன்னு மெட்ரோ அதை ரெண்டாப் பிரிச்சு, ஒண்ணுல இருந்து இன்னொண்ணை இம்போர்ட் பண்ணும். கேள்விக்குறி விஸ்டில் சமம் 1னு ஒரு யூஆர்எல் உள்ள தெரியுதா, அதான். பயப்படாதீங்க, அது செல்லுபடியானதுதான். பழைய டாட்நெட் டூல் வச்சிருக்கிற டீலர் யாராவது இருந்தா மட்டும் கொஞ்சம் பயப்படுங்க.

6 ஜூன், மாலை 6.45

தம்பி தனியா எழுதியிருக்கார்: பேரு மாறிடுச்சு, சந்தோஷம், ஆனா டீலர் விஸ்டில்ல சரக்கை நீக்குற மெத்தட், விலை மாத்துற மெத்தட் எல்லாம் தெரியுது, அதை மட்டும் மறைக்க முடியுமா.

இதான் நிஜமான கேள்வி. காலையில கேட்டது வெறும் பேரு மாத்துற வேலை. ரெண்டு சர்வீஸ்லயும் அதே மெத்தட்னா எதுக்கு ரெண்டு சர்வீஸ், ஒரே சர்வீஸை ரெண்டு யூஆர்எல்ல வச்சாப் போதுமே. வேற வேற ஆளுக்கு வேற வேற மெத்தட் காட்டணும்னுதான் யாரும் இந்தத் தெருவுக்கே வர்றாங்க.

மெத்தட் தலையில @வெப்மெத்தட் எழுதி அதுல எக்ஸ்குளூட் (விலக்கு) போட்டா ரெண்டு சர்வீஸ்ல இருந்தும் போயிடும், ஏன்னா அது கிளாஸ் மேல ஒட்டியிருக்கு. சன் கோப்புல மெத்தட்டை நேரடியா வடிகட்ட அட்ரிபியூட் கிடையாது. ரெண்டு இண்டர்ஃபேஸ் (வெளிய காட்டற மெத்தட்களோட பட்டியல்) எழுதணும். ஆனா @வெப்சர்வீஸ்ல எண்ட்பாயிண்ட்இண்டர்ஃபேஸ்னு ஒரே ஒரு இடம்தான், அதுல ஒண்ணுதான் எழுத முடியும்.

அதனால நான் செய்யறது: ஸ்டாக்பீன் தலையில இருந்து @வெப்சர்வீஸை எடுத்துடறது. அது வெறும் ஜாவா கிளாஸா இருக்கட்டும். ஆபீஸ்ஸ்டாக்னு ஒரு கிளாஸ், டீலர்ஸ்டாக்னு ஒரு கிளாஸ், ரெண்டும் ஸ்டாக்பீன்ல இருந்து எக்ஸ்டெண்ட் ஆகும், ரெண்டுக்கும் தனித்தனி இண்டர்ஃபேஸ், தனித்தனி @வெப்சர்வீஸ். உள்ள ஒரு வரி கோட் கூட வேண்டாம், காலி உடம்புதான். இண்டர்ஃபேஸ்ல இருக்கிற மெத்தட் தாய் கிளாஸ்ல இருந்தாலும் மெட்ரோ கண்டுபிடிச்சுக்கும். இம்ப்ளிமெண்ட்ஸ்னு எழுதணும்ங்கிற கட்டாயம் கூட இல்ல, ஆனா எழுதுங்க. மெத்தட் பேரு பிசகினா டாம்கேட் ஏறும்போது தெரியறதை விட கம்பைலர் சொல்றது மேல்.

"ஒரே கிளாஸ்னு சொல்லிட்டு மூணு ஆக்கிட்டீங்களே"ன்னு கேப்பீங்க. வேலை செய்யற கிளாஸ் ஒண்ணுதான். மத்த ரெண்டும் வாசல்ல தொங்குற பேர்ப்பலகை.

6 ஜூன், இரவு 9.10

இண்டர்ஃபேஸ் எழுதச் சோம்பல்பட்டு, காலி கிளாஸ் தலையில @வெப்சர்வீஸ் மட்டும் போட்டு எக்ஸ்டெண்ட் பண்றவங்க உண்டு. விஸ்டில்ல ஒரு மெத்தட் கூட வராது. தாய் கிளாஸோட பப்ளிக் மெத்தட்கள் வெளிய வரணும்னா தாய் கிளாஸ் தலையிலயும் @வெப்சர்வீஸ் இருக்கணும்ங்கிறது விதி. சரின்னு அங்கயும் போட்டா எல்லா மெத்தட்டும் ரெண்டு பக்கமும் கொட்டும், திரும்ப முதல் படிக்கே வந்துட்டீங்க. இண்டர்ஃபேஸ் எழுதிடுங்க.

7 ஜூன், காலை 8.50

ராத்திரி படுத்தப்புறம் தோணினது. நேத்து சொன்னதை அப்படியே செஞ்சீங்கன்னா ஆபீஸ் கிளையண்ட் உடைஞ்சுடும்.

காரணம் அந்த தானா ஒட்டிக்கிற பேருங்கதான். அன்னொட்டேஷன் ஸ்டாக்பீன்ல இருந்து ஆபீஸ்ஸ்டாக்குக்கு இடம் மாறினதுமே சர்வீஸ் பேரு ஆபீஸ்ஸ்டாக்சர்வீஸ் ஆயிடும். இண்டர்ஃபேஸ் வேற பேக்கேஜ்ல இருந்தா நேம்ஸ்பேஸும் மாறும். அதனால ஆபீஸ் பக்கம் எல்லாப் பேரையும் கையால எழுதுங்க: சர்வீஸ்நேம், போர்ட்நேம், டார்கெட்நேம்ஸ்பேஸ் மூணும் பழைய விஸ்டில்ல இருந்தபடி எழுத்துக்கு எழுத்து. போர்ட் டைப் பேருக்கான நேம் அட்ரிபியூட்டை மட்டும் இண்டர்ஃபேஸ் தலையில எழுதணும். எண்ட்பாயிண்ட்இண்டர்ஃபேஸ் சொன்ன கிளாஸ்ல நேம் எழுதக்கூடாது, விதி அப்படி. டார்கெட்நேம்ஸ்பேஸை ரெண்டு இடத்துலயும் எழுதுங்க.

இதை விட மோசமானது @வெப்பேராம், அளவுருவுக்குப் பேரு வைக்கிற அன்னொட்டேஷன். இதுவரைக்கும் அது ஸ்டாக்பீன் மெத்தட்டுங்க மேல இருந்திருக்கும். இண்டர்ஃபேஸ் வந்துட்டா கிளாஸ் மேல இருக்கிறதை மெட்ரோ திரும்பிப் பார்க்காது. இண்டர்ஃபேஸ்ல @வெப்பேராம் எழுதாம விட்டா அளவுருவோட பேரு ஆர்க்0, ஆர்க்1னு ஆயிடும். பழைய கிளையண்ட் "ஐட்டம்கோட்"னு அனுப்பும், சர்வர் "ஆர்க்0" வரும்னு காத்திருக்கும். எர்ரர் எதுவும் வராது. மெத்தட்டுக்குள்ள 'நல்', அதாவது வெறும் மதிப்புதான் வந்து விழும். "சர்வீஸ் வேலை செய்யுது ஆனா எல்லாச் சரக்கும் இருப்பு இல்லைன்னு வருது"ன்னு ஃபோன் வந்தா கண்ணை மூடிட்டு இங்க வந்து பாருங்க.

மாத்தறதுக்கு முன்னாடி பழைய விஸ்டிலைச் சேமிச்சு வச்சுக்கோங்க, அப்புறம் புதுசோட ஒப்பிடுங்க. ஆனா விஸ்டிலை மட்டும் ஒப்பிட்டா பேராமீட்டர் மாறினது தெரியாது. அளவுருக்களை விவரிக்கிற ஸ்கீமா அதுக்குள்ள இல்ல, கேள்விக்குறி எக்ஸ்எஸ்டி சமம் 1ங்கிற தனி யூஆர்எல்ல இருக்கு. அதையும் இறக்கி வைங்க.

7 ஜூன், காலை 9.05

"கிளையண்ட்டை ரீஜெனரேட் பண்ணச் சொல்லிடலாமே"ன்னு கீழ ஒருத்தர். சொல்லலாம். சொல்லிட்டு அந்தக் கிளையண்ட் எழுதினவர் இன்னும் அதே கம்பெனியில இருக்காரான்னும் விசாரிங்க.

8 ஜூன், மாலை 4.20

தம்பியோட அடுத்த படம் வந்தாச்சு. லாக் முழுக்க சிவப்பு: டபிள்யூஎஸ்சர்வ்லெட்11, ரன்டைம் டிஸ்கிரிப்டரைப் பார்ஸ் பண்ண முடியலை. அதுக்குக் கீழ எங்கயோ, "ஆர்க்2 இஸ் நாட் எ வேலிட் ப்ராப்பர்ட்டி ஆன் கிளாஸ்".

முதல் வரியை நம்பி எக்ஸ்எம்எல்லைத் தோண்டாதீங்க. அந்த 11 எல்லாத்துக்கும் பொதுவா வர்ற மேல்மூடி. கிளாஸ் கிடைக்கலைன்னாலும் அதான் வரும், எழுத்துப்பிழைன்னாலும் அதான் வரும். கடைசி "காஸ்ட் பை" வரைக்கும் இறங்கிப் போங்க.

இந்த ஆர்க்2 சமாச்சாரத்தை நல்லாப் புரிஞ்சு வச்சுக்கணும், ஏன்னா ஒரே கிளாஸ்ல இருந்து ரெண்டு சர்வீஸ் எடுக்கிறவங்களைத் தேடி வந்து கடிக்கிற பாம்பு இது.

டாக்குமெண்ட் ராப்டுன்னு, அளவுருக்களை ஒரு உறைக்குள்ள போட்டு அனுப்பற முறையில ஒவ்வொரு மெத்தட்டுக்கும் கேள்விக்கு ஒண்ணு, பதிலுக்கு ஒண்ணுன்னு ரெண்டு உறை கிளாஸ் வேணும். மெத்தட் பேரோட முதல் எழுத்தைப் பெரிசாக்கி கேள்வி உறைக்குப் பேரு, அதோட "ரெஸ்பான்ஸ்" ஒட்டி பதில் உறைக்குப் பேரு. இது எங்க உக்காரும்? இண்டர்ஃபேஸ் இருக்கிற பேக்கேஜுக்குக் கீழ ஜாக்ஸ்டபிள்யூஎஸ்ங்கிற உள் பேக்கேஜ்ல. பழைய காலத்துல டபிள்யூஎஸ்ஜென் கருவி ஓட்டி இதையெல்லாம் கோப்பாவே உருவாக்குவோம். பின்னாடி மெட்ரோ ஓடும்போதே தானா உருவாக்கிக்க ஆரம்பிச்சது. ஆனா முதல்ல அந்தப் பேர்ல கிளாஸ் ஏற்கெனவே இருக்கான்னு பார்க்கும். இருந்தா அதையே எடுத்துக்கும், யார் எழுதினது, எப்ப எழுதினதுன்னு கேக்காது.

இப்போ உங்க கதைக்கு வாங்க. ஆபீஸ் இண்டர்ஃபேஸ்லயும் டீலர் இண்டர்ஃபேஸ்லயும் இருப்பு பார்க்கிற மெத்தட் ஒரே பேரு. ஆபீஸுக்கு ரெண்டு அளவுரு, டீலருக்கு டீலர் எண்ணும் சேர்த்து மூணுன்னு எழுதியிருக்கீங்க. ரெண்டு இண்டர்ஃபேஸும் ஒரே பேக்கேஜ். உறைக்கும் ஒரே பேரு. வாருக்குள்ள (டாம்கேட்ல ஏத்தற பொதி) பழைய டபிள்யூஎஸ்ஜென் போட்ட உறை ஒண்ணு கிடக்கு, அதுல ரெண்டு ஃபீல்டுதான். டீலர் பக்கம் மூணாவதைத் தேடுது, இல்ல, கத்துது.

அளவுரு எண்ணிக்கையும் பேரும் ஒண்ணாவே இருந்திருந்தா கத்தியிருக்காது, அதான் இன்னும் ஆபத்து. ஏறிடும். ஆனா டீலர் ஸ்கீமாவுக்குள்ள ஆபீஸ் நேம்ஸ்பேஸ் எட்டிப் பார்க்கும், எக்ஸ்எஸ்டி 1, எக்ஸ்எஸ்டி 2ன்னு ரெண்டாப் போகும். நான் இருந்த ஒரு ப்ராஜெக்ட்ல இந்த உறை கிளாஸ்களை யாரோ புண்ணியவான் கோட் சேமிக்கிற எஸ்விஎன்ல கமிட்டே பண்ணி வச்சிருந்தார். மெத்தட் மாத்தும்போதெல்லாம் சர்வர் ஏறாது, எல்லாரும் டாம்கேட் வொர்க் ஃபோல்டரை அழிப்போம், டாம்கேட்டைத் திட்டுவோம், ஈகிளிப்ஸைத் திட்டுவோம். கல்ப்ரிட் சோர்ஸ் ஃபோல்டர்லயே சட்டை இஸ்திரி போட்டு உக்காந்திருந்தான்.

செய்ய வேண்டியது: பழைய உறைகளைத் தேடி அழிங்க, சோர்ஸ்லயும் கிளாஸஸ் ஃபோல்டர்லயும். பில்டை சுத்தமா முதல்ல இருந்து போடுங்க. ரெண்டு இண்டர்ஃபேஸையும் வேற வேற பேக்கேஜுக்கு மாத்துங்க, அப்போ உறைங்க மோதிக்க வழியே இல்ல. பேக்கேஜ் மாத்த முடியாத நிலைமைன்னா @ரிக்வெஸ்ட்ராப்பர், @ரெஸ்பான்ஸ்ராப்பர் ரெண்டுலயும் கிளாஸ்நேம் குடுத்து நீங்களே வேற பேரு வைங்க. பேக்கேஜ் மாத்தறதுதான் என் கட்சி. அன்னொட்டேஷன் மேல அன்னொட்டேஷன் ஏத்தினா அப்புறம் ஜாவா எங்க இருக்குன்னு தேடணும்.

8 ஜூன், மாலை 4.40

ஆமா, ஒரே இண்டர்ஃபேஸ்ல ஒரே பேர்ல ரெண்டு மெத்தட் வேற அளவுருவோட எழுதினாலும் இதே மோதல்தான். டபிள்யூஎஸ்-ஐ அமைப்போட பேசிக் ப்ரொஃபைல் விதிமுறையே ஆபரேஷன் ஓவர்லோடிங் (ஒரே பேர்ல பல மெத்தட்) கூடாதுன்னு சொல்லியிருக்கு. வேற பேரு வைங்க, பேருக்கா பஞ்சம்.

9 ஜூன், இரவு 10.15

தூக்கம் வரலை, ஒரு பழங்கதை.

ஆக்சிஸ் 1ங்கிற பழைய வெப் சர்வீஸ் லைப்ரரி காலத்துல இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. சர்வர்-கான்ஃபிக்.டபிள்யூஎஸ்டிடின்னு ஒரு கோப்பு. அதுல சர்வீஸ்னு ஒரு பத்தி, பேரு ஒண்ணு, கிளாஸ்நேம்னு ஒரு பேராமீட்டர், அலௌடுமெத்தட்ஸ்னு இன்னொரு பேராமீட்டர். ரெண்டு சர்வீஸ் வேணுமா, பத்தியைக் காப்பி பண்ணு, பேரை மாத்து, கிளாஸ்நேம் அப்படியே இருக்கட்டும், அலௌடுமெத்தட்ஸ்ல டீலருக்குக் காட்ட வேண்டியதை மட்டும் எழுது. முடிஞ்சுது. இண்டர்ஃபேஸ் இல்ல, காலி கிளாஸ் இல்ல. விஸ்டில்ல வர்ற சர்வீஸ் பேரு, போர்ட் டைப் பேரு, நேம்ஸ்பேஸுக்குக் கூட தனித்தனி பேராமீட்டர் இருந்துச்சு. 2006 ஏப்ரல்ல வந்த 1.4 இன்னமும் சில இடத்துல மூச்சு விட்டுட்டிருக்கு, நானே பார்த்திருக்கேன்.

கிளாஸுக்கும் சர்வீஸுக்கும் சம்பந்தமே இல்ல, கோப்புதான் சம்பந்தப்படுத்துதுங்கிறது அங்க கண்ணுக்குத் தெரியும். அதே 2006ல ஜாவா இஇ 5 வந்து எல்லாத்தையும் அன்னொட்டேஷனாக்கினப்போ எங்களுக்கு எக்ஸ்எம்எல் தொல்லை ஒழிஞ்சதுன்னு கொண்டாட்டம். பேரு கிளாஸ் மேலயே பச்சை குத்தினாப்புல ஆயிடுச்சேன்னு அப்போ யாரும் யோசிக்கலை. முழுசா ஆக்சிஸ் 1 தான் உசத்தின்னு சொல்ல மாட்டேன். டைப் மேப்பிங் எழுதி எழுதி எங்க ஆயுள் போச்சு.

10 ஜூன், காலை 9.30

பழங்கதையைப் படிச்சுட்டு ஒருத்தர்: "நாங்க ஆக்சிஸ்ல இருந்து மெட்ரோவுக்கு வந்தோம், அதுக்கப்புறம் ஒரு டீலரோட ஆர்டர் இன்னொரு டீலர் பேர்ல விழுது."

பீன்ல ஃபீல்டு வச்சிருக்கீங்க. பார்க்காமயே சொல்றேன். ஆக்சிஸ்ல ஸ்கோப் (ஆப்ஜெக்ட் எவ்வளவு நேரம் வாழணும்ங்கிறது) சொல்லாம விட்டா ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது ஆப்ஜெக்ட், அதனால கிளாஸ் ஃபீல்டுல டீலர் எண்ணைப் போட்டு வச்சாலும் பிழைச்சீங்க. மெட்ரோவுல ஒரு எண்ட்பாயிண்ட்டுக்கு ஒரே ஆப்ஜெக்ட், எல்லா த்ரெட்டும் (ஒரே நேரத்துல ஓடற கோரிக்கைங்க) அதுக்குள்ளதான் ஓடும். ஃபீல்டை எடுத்துட்டு லோக்கல் மாறி ஆக்குங்க. இன்னைக்கே.

ரெண்டு எண்ட்பாயிண்ட்னா ரெண்டு ஆப்ஜெக்ட். ஒரே கிளாஸ்தானேன்னு கேஷையோ எண்ணிக்கையையோ சாதாரண ஃபீல்டுல வச்சா ஆபீஸ் பக்கம் ஏறினது டீலர் பக்கம் தெரியாது. ஸ்டேட்டிக்னா தெரியும், ஆனா பூட்டுப் போடற பொறுப்பு உங்களுது.

10 ஜூன், காலை 11.50

மெட்ரோவுக்குப் பதிலா ஸ்ப்ரிங்கும் சிஎக்ஸ்எஃப் லைப்ரரியும் வச்சிருக்கிறவங்களுக்கு: மேல சொன்ன ஆப்ஜெக்ட் கணக்கு மெட்ரோவுக்குத்தான். சிஎக்ஸ்எஃப்ல ஜாக்ஸ்டபிள்யூஎஸ் எண்ட்பாயிண்ட் வரியில இம்ப்ளிமெண்டர்ல ஹேஷ் போட்டு பீன் பேரைக் குடுத்தா ரெண்டு எண்ட்பாயிண்ட்டும் அதே ஒரு ஆப்ஜெக்ட்டைப் பகிர்ந்துக்கும். கிளாஸ் பேரைக் குடுத்தா ஆளுக்கொண்ணு. ஒரு ஹேஷ் குறியில இவ்வளவு இருக்கு.

சிஎக்ஸ்எஃப்ல இன்னொரு சௌகரியம், காலி கிளாஸ் கூட வேண்டாம். ஜாக்ஸ்டபிள்யூஎஸ் சர்வர்ங்கிற டேக்ல சர்வீஸ்கிளாஸா இண்டர்ஃபேஸைக் குடுத்து, சர்வீஸ்பீனா அந்த ஒரே ஸ்டாக்பீனைக் குடுக்கலாம். ரெண்டு தடவை எழுது, ரெண்டு இண்டர்ஃபேஸ், ரெண்டு அட்ரஸ். தலைப்புல கேட்டதுக்கு நேர் பதில் வேணும்னா இதான். ஸ்ப்ரிங் பூட்னா எண்ட்பாயிண்ட்இம்ப்ளை ரெண்டு @பீன் மெத்தட்ல தனித்தனியா உருவாக்கி, செட்சர்வீஸ்நேம் போட்டு, வேற வேற பாதையில பப்ளிஷ் பண்ணுங்க. எல்லாம் ஸ்லாஷ் சர்வீசஸுக்குக் கீழ வரும், நீங்க மாத்தலைன்னா.

வைல்ட்ஃபிளை சர்வர்ல ஓட்டறவர் சன் கோப்பைப் படிக்கவே மாட்டேங்குதுன்னு கேட்டிருந்தார். படிக்காதுங்க, அது மெட்ரோவோட கோப்பு, வைல்ட்ஃபிளை உள்ள சிஎக்ஸ்எஃப். வெப்.எக்ஸ்எம்எல்ல ரெண்டு சர்வ்லெட், ரெண்டு மேப்பிங் எழுதுங்க. ஒரே பேட்டர்ன் குடுத்தா வைல்ட்ஃபிளை மெட்ரோ மாதிரி மௌனமா இருக்காது, அந்த யூஆர்எல் ஏற்கெனவே பதிவாயிடுச்சுன்னு டெப்ளாயையே நிறுத்திடும். எனக்கு இந்தக் குணம் பிடிச்சிருக்கு.

13 ஜூன், மதியம் 2.10

தம்பி: ரெண்டும் ஓடுது, ஆனா பீனுக்குள்ள எந்த சர்வீஸ் வழியா கூப்பிட்டாங்கன்னு தெரிஞ்சா டீலருக்கு விலையை மறைச்சுடலாம்.

தெரிஞ்சுக்கலாம். @ரிசோர்ஸ் போட்டு வெப்சர்வீஸ்காண்டெக்ஸ்ட் வாங்கி, மெசேஜ்காண்டெக்ஸ்ட்ல விஸ்டில்_சர்வீஸ்ங்கிற சாவியைக் கேளுங்க, சர்வீஸோட முழுப் பேரும் வரும்.

எழுதிட்டேன், ஆனா மனசு ஒப்பலை. ஸ்டாக்பீனுக்குள்ள "டீலர்னா இப்படி, ஆபீஸ்னா அப்படி"ன்னு ஒரு இஃப் வந்தா நாளைக்குப் பத்து வரும். விலையை மறைக்கிறது டீலர்ஸ்டாக்கோட வேலை. அந்தக் காலி கிளாஸ் எதுக்கு இருக்கு, அதுல அந்த ஒரு மெத்தட்டை ஓவர்ரைடு பண்ணுங்க. லாக்ல எழுதிவைக்கன்னா மட்டும் அந்தச் சாவியைப் பயன்படுத்துங்க.

விஸ்டில்ல மெத்தட் தெரியலைங்கிறது பாதுகாப்பும் ஆகாது. டீலர் எண்ட்பாயிண்ட்ல நீக்குற மெத்தட்டைக் கூப்பிட முடியாது, சரி. ஆனா ஆபீஸ் யூஆர்எல் அதே சர்வர்ல பக்கத்துலயே இருக்கு. மெட்ரோவோட சர்வீஸ் யூஆர்எல்லை பிரௌசர்ல சும்மா திறந்தாலே அந்த வார்ல இருக்கிற எல்லா எண்ட்பாயிண்ட்டையும் இம்ப்ளிமெண்டேஷன் கிளாஸ் பேரோட அட்டவணை போட்டுக் காட்டும். டீலரும் திறந்து பார்ப்பார். ஆபீஸ் பாதைக்கு வெப்.எக்ஸ்எம்எல்ல செக்யூரிட்டி கன்ஸ்ட்ரெயிண்ட் போடுங்க, இல்ல முன்னால நிக்கிற ப்ராக்ஸியில வெளியாளை மறிங்க. என்னைக் கேட்டா ரெண்டையும் ரெண்டு வாராவே பிரிச்சுடலாம், ஸ்டாக்பீன் ஒரு ஜாரா (கிளாஸ் பொதியா) ரெண்டுலயும் போகட்டும்.

20 ஜூன், காலை 10.05

இது வேற ஒருத்தர், ஆனா இங்கயே சொல்லிடறேன். "கிளாஸ்ல @வெப்சர்வீஸ் கண்ணெதிர இருக்கு, சர்வர் மட்டும் @வெப்சர்வீஸும் இல்ல, @வெப்சர்வீஸ்ப்ரொவைடரும் இல்லங்குது. கண் டாக்டர்கிட்ட போகணுமா?"

இம்போர்ட் வரியைப் பாருங்க. ஜாவாஎக்ஸ்ல இருந்து வர்ற @வெப்சர்வீஸும் ஜகார்த்தால இருந்து வர்றதும் ஜாவாவுக்கு ரெண்டு வேற ஆளுங்க. ஜாக்ஸ்டபிள்யூஎஸ்-ஆர்டி (மெட்ரோவோட ஜார்) 3 அல்லது அதுக்கு மேல போட்டுட்டு கோடுல பழைய ஜாவாஎக்ஸ் இம்போர்ட்டை விட்டீங்கன்னா இப்படித்தான் வரும். டாம்கேட் 10ன்னா ஜகார்த்தாவும் ஆர்டி 3 அல்லது அதுக்கு மேலயும், டாம்கேட் 9ன்னா ஜாவாஎக்ஸும் ஆர்டி 2.3ம். பாதி பாதி கலக்காதீங்க.

தம்பி, நீங்க ஜாவா 8ல இருக்கீங்க. 11க்குப் போகும்போது ஜாக்ஸ்-டபிள்யூஎஸ்ஸே ஜேடிகேக்குள்ள இருக்காது, ஜெப் 320ங்கிற ஜாவா மாற்றத் திட்டத்துல தூக்கிட்டாங்க. ஆர்டி ஜாரை நீங்கதான் வாருக்குள்ள கொண்டுவரணும். டபிள்யூஎஸ்ஜென், டபிள்யூஎஸ்இம்போர்ட்டும் கூடவே போயிடுச்சு, மேவன் ப்ளக்இன் வழியா எடுத்துக்கணும்.

20 ஜூன், காலை 10.30

டபிள்யூஎஸ்இம்போர்ட்னதும் ஞாபகம். ரெண்டு விஸ்டிலுக்கும் கிளையண்ட் கோட் உருவாக்கும்போது ரெண்டையும் ஒரே பேக்கேஜுக்குள்ள கொட்டாதீங்க. ரெண்டாவது ஓட்டம் முதலோட ஆப்ஜெக்ட்ஃபேக்டரியை மேல எழுதிடும். மைனஸ் பி போட்டு ஆளுக்கொரு பேக்கேஜ்.

24 ஜூன், மாலை 5.35

தம்பி கடைசியா: புரொடக்‌ஷன்ல ஏத்தியாச்சு, டீலர் கிளையண்ட் விஸ்டிலைப் படிக்குது, ஆனா கூப்பிடும்போது உள் சர்வர் பேரைத் தேடிப் போய் டைம்அவுட் ஆகுது.

விஸ்டில் கடைசியில சோப் அட்ரஸ் வரியைப் பாருங்க, உள் ஹோஸ்ட் பேரு இருக்கும். மெட்ரோ அந்த முகவரியை வந்த கோரிக்கையோட ஹோஸ்ட் ஹெட்டரை வச்சுத்தான் எழுதுது. முன்னால ப்ராக்ஸியா என்ஜின்எக்ஸ் இருக்குன்னீங்க, அது தன் பங்குக்கு உள் பேரைப் போட்டு அனுப்புது. ப்ராக்ஸி செட் ஹெடர்ல ஹோஸ்ட்டை அப்படியே கடத்தச் சொல்லுங்க. வெளிய எச்டிடிபிஎஸ், உள்ள வெறும் எச்டிடிபின்னா டாம்கேட்டோட கனெக்டர்ல ஸ்கீம், ப்ராக்ஸிநேம், ப்ராக்ஸிபோர்ட் மூணையும் எழுதிட்டு டாம்கேட்டை ரீஸ்டார்ட் பண்ணுங்க. டீலர் பக்கம் விஸ்டிலை லோக்கல்ல சேமிச்சு வச்சிருந்தா பழைய முகவரிதான் அதுல இருக்கும், திரும்ப இறக்கச் சொல்லுங்க. ஆபீஸ் விஸ்டிலோட முகவரியும் அந்த ப்ராக்ஸி வழியா வந்தா மாறும், அதையும் ஒருதடவை திறந்து பார்த்துடுங்க.